அண்ணா வைத்த விலை

காருக்கு விலை போட வந்தவன் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போனான். வெளியே வந்தபோது சிரிப்பைக் காணோம். காபி டம்ளரோடு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த நான் இன்னும் இரண்டு படி இறங்கினேன்.

பெங்காலிகள் நடுவே, லேக் கார்டன்ஸில் எங்கள் வீடு மாடியில். கீழே ஷெட். ஷெட்டில் என் மாமனார் சேஷாத்ரி விட்டுப்போன மாரிஸ் மைனர் கார். ரயில்வேயில் இன்ஜினியராக இருந்தவர், ரிடையரான கையோடு ராமா கிருஷ்ணா என்று இருக்காமல், எங்கோ துருப்பிடித்துக் கிடந்த இந்தப் பழைய வண்டியை வாங்கிவந்தார். சனிக்கிழமை தவறாமல் மல்லிக் பஜாருக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளைக் கிளறுவார். வருஷக்கணக்கில் பாடுபட்டுக் கடைசியில் கரும்பச்சைப் பெயிண்டில் கல்யாணப் பெண் மாதிரி நிறுத்திவிட்டார். பழைய கார்க்காரர்களின் கிளப் ஒன்று அதற்குக் கோப்பைகூடக் கொடுத்தது. "எல்லாம் அசல். டூப்ளிகேட் ஒண்ணு கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படி மெச்சி நான் கேட்டதில்லை.

ஆனால் வண்டியை ஓட்ட மாட்டார். ஓட்டினாலும் பக்கத்து ஏரியைச் சுற்றி ஒரு வட்டம், அதுவும் ரிக்‌ஷாக்காரன் மணியடித்து முந்திக்கொண்டு போகிற வேகத்தில். அரைப்படி பெட்ரோலுக்கு இந்தக் கஞ்சத்தனமா என்று முதுகுக்குப் பின்னால் நான் சிரித்திருக்கிறேன்.

அவர் போய் வருஷாப்தீகமும் ஆகிவிட்டது. வீடு, பாங்க் பணம் எல்லாம் பிரித்தாயிற்று. பாக்கி நின்றது இந்த வண்டி ஒன்றுதான். பங்காளிகள் இரண்டு பேர். மூத்தவர் என் கணவர் பார்த்தசாரதி, பாங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். இளையவன் நரேன், அலிப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஃப்ளாட். நான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அவன் அரை டிராயரோடு ஓடிக்கொண்டிருந்தவன். அவனும் அவன் பெண்டாட்டி மேக்னாவும் வேலைக்குப் போவதால், எட்டு வயசு அக்ஷரா ஸ்கூல் விட்டதும் என்னிடம்தான் வருவாள். நான் பிசைந்து போட்டால்தான் தயிர்சாதம் இறங்கும். என்னிடம் தமிழில் ஆரம்பிப்பாள், கோபம் வந்தால் பெங்காலிக்குத் தாவிவிடுவாள். எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்கு அழவேண்டியதை அழுது முடித்தாயிற்று. இவள் பிறந்த பிறகு அந்த ஞாபகமும் வருவதில்லை.

விலை போட வந்தவன் பெயர் கௌசிக். பெங்காலிக்காரன். பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது தாண்டியிருக்கும். சென்ட் வாசனை மாடிவரை வந்தது. பெயிண்ட் எத்தனை கனம் என்று காட்டுகிற ஒரு கருவியை வண்டி முழுக்க ஒற்றி ஒற்றி எடுத்தான். பிறகுதான் டார்ச்சோடு அடியில் போனான். வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "தாதா, இது ஒரு வண்டி இல்லை. ரெண்டு வண்டி" என்றான் பெங்காலியில். தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணா.

பக்கத்தில் நின்ற என் கணவருக்குப் புரியவில்லை. அவன் குனிந்து முன் சீட்டுக்கு நேர் கீழே தட்டிக் காட்டினான். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறு வண்டி. பின்பக்கத்தைத் துரு தின்றுவிட்டிருக்கும். அதனால் எங்கோ அடிபட்டுக் கிடந்த இன்னொரு வண்டியின் பின்பாதியை அறுத்துக்கொண்டுவந்து பற்றவைத்திருக்கிறார்கள். லாரி மாதிரி இதற்கு அடியில் தனிச் சட்டம் கிடையாது. மேலே தெரிகிற தகரம்தான் எலும்பு, அதுதான் தோல். அந்த எலும்பையே நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறது, ஒட்டினதும் சரியில்லை. அதன்மேல் புட்டிப் பசை, அதன்மேல் கனமாகத் தார்ப்பூச்சு.

"ஏரியைச் சுத்தி வந்தா ஒண்ணும் ஆகாது. வேகமாப் போய் ஒரு பள்ளத்துல இறங்கினாலோ, பின்னாடி ஒரு லாரி தட்டினாலோ நடுவுல விட்டுடும். பின்னாடி உக்காந்திருக்கறவங்க பிழைக்க மாட்டாங்க" என்றான்.

இவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மெக்கானிக் எவனாவது அப்பாவுக்குத் தெரியாம பண்ணியிருப்பான்."

"தெரியாதவங்க இவ்வளவு சிரமப்பட்டு மறைக்க மாட்டாங்க, தாதா. உங்க அப்பா இன்ஜினியர்."

பிறகு கௌசிக் குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கோப்பையைக் கொடுத்த கமிட்டியில நானும் இருந்தேன். அன்னிக்கு யாரும் அடியில பார்க்கலை. இப்ப நான் இதை எழுதினா எனக்கும் நல்லதில்லை, உங்க அப்பா பேருக்கும் நல்லதில்லை. மேல பார்த்ததை மட்டும் எழுதித் தரேன். ஏழு லட்சம்."

"நிஜமா எவ்வளவு பெறும்?"

"இப்படியேவா? விளக்கு, கண்ணாடி, இன்ஜினைக் கழட்டி வித்தா ஏதோ வரும். மிச்சம் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்."

இவர் தலையை ஆட்டினார். அவன் கிளம்பியதும் என்னைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன் என்பது முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"வாயைத் திறக்காதே, சுந்தா. வண்டியை நானே எடுத்துண்டுடறேன். ஷெட்டைப் பூட்டிடலாம். நரேனுக்குப் பணமாக் கொடுத்துட்டா முடிஞ்சுது" என்றார்.

வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை என்றால் எனக்கென்ன? சரி என்றேன். செத்தவரைச் சந்திக்கு இழுத்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

எங்கள் புக்ககத்தில் பங்கு பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. துண்டு போட முடியாத பொருள் என்றால் மூத்தவன் அதற்கு விலை வைக்க வேண்டும். அந்த விலைக்குத் தானே எடுத்துக்கொண்டு பாதியை அண்ணனுக்குக் கொடுப்பதா, அண்ணனிடம் விட்டுவிட்டுப் பாதியை வாங்கிக்கொள்வதா என்று இளையவன் சொல்ல வேண்டும். அண்ணன் குறைத்து வைத்தால் தம்பி தூக்கிக்கொண்டு போய்விடுவான், கூட்டி வைத்தால் அண்ணன் தலையிலேயே விடியும். அதனால் நியாயமாகத்தான் வைப்பான் என்று பெரியவர்கள் போட்ட கணக்கு. வைத்த விலையையும் மாற்றக்கூடாது, சொன்ன சொல்லையும் மாற்றக்கூடாது. மாமியாரின் வைரத்தோடும் மன்னார்குடி மனையும் இப்படித்தான் பிரிந்தன. ஒரு சண்டை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நரேன் குடும்பத்தோடு வந்தான். கௌசிக் போட்ட ஏழு லட்சம் அவனுக்கும் தெரியும். அண்ணா ஆறு என்று குறைத்து வைப்பான், உடனே எடுத்துக்கொள்ளலாம் என்கிற முகத்தோடு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் கணவரை அவனுக்குத் தெரியாதா? எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர். கொசுறுக் கறிவேப்பிலை வாங்காமல் காய்கறிக் கடையை விட்டு நகர மாட்டார்.

"பன்னண்டு லட்சம்" என்றார் இவர்.

நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. தம்பி பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று இவர் இப்படி ஏற்றிவிட்டார். கடன் இருக்கிறவன், ஆறு லட்சம் சும்மா வருகிறது என்றால் விடுவானா என்று நினைத்திருக்கிறார். பாங்கில் முப்பது வருஷம் பேனா பிடித்தவருக்குத் தன் தம்பியின் மனசு தெரியவில்லை.

நரேன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அண்ணாவின் முகத்தையே பார்த்தான். "ஏழுன்னு போட்டிருக்கான். நீ பன்னண்டுங்கறே."

"அப்பா வண்டி. எனக்கு அது பெறும்."

"அண்ணா, உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு" என்று நரேன் சிரித்தான்.

சொல்லிவிடுங்களேன் என்று எனக்கு வாய்வரை வந்தது. இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பம்பாய்ல எவனாவது கேட்டிருக்கானா? இருபதா, இருபத்தஞ்சா? நீ பன்னண்டு வெச்சா அதுக்கு மேல ரெண்டு மடங்கு பெறாம வைக்க மாட்டே. சரி. நான் எடுத்துக்கறேன். உன் பங்கு ஆறு லட்சம், லோன் போட்டுத் தரேன்."

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இரு, இரு. பதினஞ்சுன்னு வெச்சுக்கோ. ஏழரை லட்சம் நாளைக்கே உன் அக்கவுண்ட்ல போடறேன்" என்றார்.

வைத்த விலையை மாற்றுகிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. நரேனின் சிரிப்பு நின்றுபோனது. கூடப் பிறந்தவனைப் பார்க்கிற மாதிரி இல்லை அவன் பார்வை. "சொன்னது சொன்னதுதான், அண்ணா" என்று எழுந்துவிட்டான். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த அக்ஷரா அப்பனிடம் ஓடிவந்து, "கார் நம்பளுதா பாபா?" என்று குதித்தாள்.

அவர்கள் போன பிறகு இவரிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். என் கணவரின் அகராதியில் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் நானே அலிப்பூருக்கு டாக்ஸி பிடித்தேன்.

முதலில் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லாமலே காரியம் முடிந்தால் நல்லது என்று, கையிலிருந்த நாலு வளையலையும் கழற்றி நரேன் முன்னால் வைத்தேன். "இதையும் வெச்சுக்கோடா. அண்ணா சொன்ன பணத்தையும் வாங்கிக்கோ. வண்டியை விட்டுடு."

நரேன் வளையலைத் தொடவில்லை. "கையில போட்டிருக்கறதைக் கழட்டற அளவுக்கு அந்த வண்டியில என்ன மன்னி இருக்கு? தங்கத்துல பண்ணியிருக்காரா அப்பா?"

கொடுக்கக் கொடுக்க அது விலை ஏறிக்கொண்டே போயிற்று. வேண்டாம் என்று எதற்காகப் பணம் கொடுக்கிறோமோ, அதற்காகவே அவனுக்கு அது வேண்டியிருந்தது. இனி வேறு வழியில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வண்டி, நடுவில் ஒட்டு, தார்ப்பூச்சு, கௌசிக் சொன்னது, ஒன்று விடாமல்.

மேக்னா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். நரேனுக்குக்கூட ஒரு நிமிஷம் முகம் மாறியது. உடனே அண்ணாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தான்.

"அண்ணா, மன்னி இங்க வந்திருக்கா. அப்பா ரெண்டு வண்டியை ஒட்டி, நம்ப எல்லாரையும் ஏமாத்தினார்ங்கறா. நிஜமா?"

நான் பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

"அப்பா அப்படிப் பண்ணுவாரா, நரேன்?" என்றார் இவர்.

அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. கேள்வியைக் கேள்வியாலேயே மூடிவிட்டார். நரேன் போனை அணைத்தான். "இன்னும் என்ன மன்னி பாக்கி? செத்துப்போனவரைத் திருடன்னு சொல்லியாவது வண்டியை வாங்கணுமா?" அவன் இப்படி என்னிடம் பேசினதே இல்லை. அடியில் சுரண்டிப் பார் என்று கெஞ்சினேன். "அப்பா கையால பூசினதைச் சுரண்டறதா? விலை பாதியாப் போயிடும்" என்றான். கௌசிக்குக்குப் போன் செய்தேன். "எழுதினதுதான் நான் பார்த்தது, பவுதி" என்று பெங்காலிக்காரர்கள் அண்ணியைக் கூப்பிடுகிற மரியாதையோடு சொல்லி வைத்துவிட்டான்.

பங்கு பிரிக்கிற வீட்டில் மூத்த மருமகள் எதைச் சொன்னாலும் பேராசை. அந்த ஊர் உலக வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நெஞ்சு எரிந்தது. வளையலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, இவர் எதிரே நின்று கத்தினேன். நாற்பது வருஷத்தில் அப்படிக் கத்தினதில்லை.

"அந்தக் குழந்தை அதுல உக்காரப்போறது! உங்க அப்பா பேரு பெரிசா அது பெரிசா?"

இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஆறு வயசுலேர்ந்து, எங்க அப்பா பொய் சொல்லாதவர்னு நெனைச்சுண்டே இருந்துட்டேன், சுந்தா. நரேனும் அப்படித்தான். வாயைத் திறந்து சொல்லிட்டா அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் அப்பான்னு யாரு?" என்றார். கண் கலங்கியிருந்தது. பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

நரேன் பணத்தைப் போட்டுவிட்டான். வண்டியை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வதாகத் தகவல் சொன்னான். சனிக்கிழமை மேக்னா போன் செய்தாள், குரலை அடக்கிக்கொண்டு.

"அக்கா, நாளைக்கு வண்டியை எடுத்துண்டு நேரே சாந்த்ராகாச்சிக்குப் போகலாம்கறார். ஏரியில வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்திருக்காம், அக்ஷராவுக்குக் காட்டணுமாம். ஆத்துமேல செகண்ட் ப்ரிட்ஜ் ஏறி, கோனா எக்ஸ்பிரஸ்வே வழியா."

அந்த ரோடு எனக்குத் தெரியும். துறைமுகத்து லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடுகிற ரோடு.

"நீங்க சொன்னது சத்தியமா, அக்கா?"

"குழந்தை மேல ஆணையா நிஜம்."

"அப்ப இவர் அண்ணா ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறார்?"

மறுபடியும் ஆணையிட்டேன். அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "எனக்கு உங்களை நம்பாம இருக்க முடியலை. இவர் போனாப் போகட்டும். நான் அக்ஷராவை ஏத்த மாட்டேன். கையை விட மாட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. குழந்தை இல்லாமல் நரேன் மட்டும் ஓட்டிக்கொண்டு போனால், அவனையாவது பிறகு எப்படியாவது பேசித் தடுக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

காலையில் பனி இறங்கியிருந்தது. எதிர்வீட்டு மாடி அரைகுறையாகத்தான் தெரிந்தது. நரேன் டாக்ஸியில் வந்து இறங்கினான், பின்னாலேயே மேக்னாவும் அக்ஷராவும். குழந்தை சிவப்பு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டு, கழுத்தில் பைனாகுலர் தொங்க விட்டிருந்தாள். "பெரியம்மா, வாத்து சைபீரியாலேர்ந்து வருமாம்" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மேக்னா அவளை இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். சொன்ன சொல் தவறவில்லை.

நரேன் ஷெட்டைத் திறந்து வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தான். வண்டி என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. நான் போய் அதன் முன்னால் நின்றேன்.

"தள்ளுங்க மன்னி."

"என்மேல ஏத்திண்டு போ."

எதிர்வீட்டு பெங்காலி மாமி மாடியிலிருந்து என்னவென்று கேட்டாள். பான் கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நரேனுக்கு அவமானம் பொறுக்கவில்லை. எட்டிப்பார்த்து, "மேக்னா, ஏறு" என்றான்.

"நானும் குழந்தையும் வரலை. டாக்ஸில வரோம், இல்லாட்டா வேண்டாம்" என்றாள் மேக்னா. குழந்தையின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அக்ஷரா பெங்காலியில் அழ ஆரம்பித்தாள்.

இன்ஜினை அணைத்துவிட்டு நரேன் கீழே இறங்கினான். கோபமெல்லாம் வடிந்து, சின்னப் பையனாக இருந்தபோது இருந்த முகம் வந்திருந்தது. வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற அண்ணாவிடம் போனான்.

"அண்ணா, எனக்கு வண்டி பெரிசில்லை. எல்லார் முன்னாடியும் கேக்கறேன். மன்னி சொல்றது நிஜமா இல்லையா? நிஜம்னு ஒரு வார்த்தை சொல்லு, சாவியை உன் கையில கொடுத்துட்டு இப்படியே திரும்பிப் போறேன். பணம்கூட வேண்டாம்."

இவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். சொல்லிவிடப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நான் பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

இவர் தம்பியைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போய், வண்டியின் பின்கதவைத் திறந்தார்.

"நானும் வரேன். பின்னாடி உக்காந்துக்கறேன். மெதுவாப் போ" என்றார். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நரேன் ஒரு கணம் விழித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பில் அழுகையும் கலந்திருந்தது. "பாத்தியா மேக்னா? அண்ணாவே ஏறியாச்சு!"

மேக்னாவின் தோள் தளர்ந்தது. என்னைப் பார்த்தாள், கோபமே இல்லாமல்.

"விடாதே மேக்னா! விடாதே!" என்று கத்திக்கொண்டு வண்டியைச் சுற்றி ஓடினேன்.

"அவரே உக்காந்துட்டாரே, அக்கா. ஏதாவது இருந்தா உக்காருவாரா?" என்றாள். கையை விட்டுவிட்டாள்.

அக்ஷரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பெரியப்பாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மேக்னா முன்னால் ஏறினாள். நான் இவர் பக்கத்துப் பின்கதவுக் கண்ணாடியின் இடுக்கில் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். "இறங்குங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போறது, இறங்குங்கோ. இல்லே சொல்லுங்கோ" என்றேன். இவர் என் விரல்மேல் தன் கையை வைத்தார். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"குழந்தையை நான் பிடிச்சுக்கறேன், சுந்தா" என்றார் மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்பாவைக் காட்டிக்கொடுக்க முடியாமல் இவர் சாகப் போகிறார், அதைப் பார்த்து எல்லோரும் நம்பி ஏறிவிட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் இவர் என் விரலை ஒவ்வொன்றாக விடுவித்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். வண்டி நகர்ந்தது.

செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன். நிறுத்து, நிறுத்து என்று தமிழிலும் பெங்காலியிலும் கத்தினேன். பான் கடைக்காரன் என்னைப் பிடித்து நிறுத்தினான். அக்ஷரா சீட்டின் மேல் முட்டிபோட்டுத் திரும்பி, சின்னப் பின்கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டினாள். வழியனுப்ப ஓடி வருகிறேன் என்று நினைத்திருப்பாள். பனிக்குள் பச்சை நிறம் மங்கிக்கொண்டே போனது. அவளுடைய குல்லாய்க்குப் பக்கத்தில் இவர் தலையும் தெரிந்தது. அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை.